பனியாற்றை ஸ்னோமொபைலில் பார்ப்பதா, நடந்து பார்ப்பதா?

கேள்வி: மார்ச் மாதம் மனைவியுடனும் பதினைந்து வயது மகளுடனும் ஐஸ்லாந்து செல்கிறோம். அங்கே பனியாறு ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஸ்னோமொபைலில் போவது நல்லதா, நடந்து போவது நல்லதா? இரண்டில் எது பாதுகாப்பானது, எதில் அதிகம் பார்க்கலாம்?

பதில்: இரண்டும் ஒரே இடத்துக்குப் போகும் இரு வழிகள் என்று நினைத்துக்கொண்டு கேட்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. முதல்முறை போவதற்கு முன் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் ஸ்னோமொபைல் என்ற பனிவண்டி ஓடும் பகுதியில் உங்களை நடக்க விடமாட்டார்கள்; நீங்கள் நடக்கும் பகுதியில் ஸ்னோமொபைல் ஓடாது. ஒரே பனியாற்றின் மேல்பாதியும் கீழ்பாதியும் ஒன்றுக்கொன்று அவ்வளவு வேறுபட்டவை. ஆகவே எது நல்லது என்பதைவிட, எந்தப் பாதியைப் பார்க்க ஆசைப்படுகிறீர்கள் என்பதே முதலில் தீர்மானிக்க வேண்டியது.

பனியாற்றை ஒரு குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கைப் போலப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். மேலே, உயரமான பகுதியில், ஓர் ஆண்டில் பெய்யும் பனி அந்த ஆண்டில் உருகுவதைவிட அதிகம். அது வரவுப் பகுதி. கீழே, தாழ்வான பகுதியில், உருகுவது பெய்வதைவிட அதிகம்; அது செலவுப் பகுதி. வரவில் மிஞ்சிய பனி ஆண்டுக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அமுங்கிக் கட்டியாகி, தன் எடையாலேயே மெல்லக் கீழ்நோக்கி நகர்ந்து செலவுப் பகுதியை ஈடுகட்டுகிறது. வரவும் செலவும் சரிசமமாகும் எல்லைக்கோடு ஐஸ்லாந்தின் தென்பகுதியில் ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு மேலே கோடையிலும் வெண்பனி மூடிய பெருவெளி. அதுதான் ஸ்னோமொபைலின் இடம். அதற்குக் கீழே, குறிப்பாக வெண்பனி உருகி வழிந்துவிட்ட மாதங்களில், வெடித்தும் மடிந்தும் கிடக்கும் வெறும் பனிக்கட்டி; அது கால்களின் இடம்.

ஐஸ்லாந்தியப் பெயர்களின் ஈற்றில் வரும் 'யோக்குல்' என்ற சொல்லுக்குப் பனியாறு என்றே பொருள். நாட்டின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு இந்த யோக்குல்களுக்கு அடியில் இருக்கிறது. மிகப் பெரியது தென்கிழக்கிலுள்ள வட்னயோக்குல். அதன் பனிக்கட்டி சராசரியாக 400 மீட்டர் கனம், ஆழமான இடங்களில் 900 மீட்டரைத் தாண்டும். அடுத்தது லாங்யோக்குல், தலைநகர் ரெய்க்யவிக்கிலிருந்து எளிதில் அடையக்கூடியது. தெற்குக் கரையோரமுள்ள மிர்தால்ஸ்யோக்குல் நான்காவது. இவை பள்ளத்தாக்கில் ஓடும் ஒற்றை ஆறுகள் அல்ல. மலைகளையும் எரிமலைகளையும் சேர்த்துப் போர்த்திய பெரும் பனிப்பரப்புகள். அவற்றின் ஓரங்களிலிருந்து நாக்குகளைப் போல நீண்டு இறங்குபவை தனித்தனிப் பெயருள்ள பனியாறுகள். மிர்தால்ஸ்யோக்குலிலிருந்து தென்மேற்காக இறங்கும் சோல்ஹெய்மாயோக்குல் அத்தகைய ஒன்று. உங்கள் பயணத்துக்கு நான் பரிந்துரைப்பது இந்த இணையைத்தான்: மேலே மிர்தால்ஸ்யோக்குலில் ஸ்னோமொபைல், கீழே சோல்ஹெய்மாயோக்குலில் நடை. ஒரே பனி மேலே எப்படி இருக்கிறது, கீழே வந்தபின் என்னவாகிறது என்பதை இரண்டு நாட்களில் பார்த்துவிடலாம்.

முதலில் ஸ்னோமொபைல். முன்னால் இரண்டு சறுக்குக்கட்டைகள், பின்னால் சுழலும் அகலமான ரப்பர்ப் பட்டை, நடுவில் இருவர் அமரும் இருக்கை: அமைப்பு அவ்வளவுதான். பனியில் ஓடும் வண்டிக்குப் பட்டையும் பற்சக்கரமும் கொண்ட நம்பகமான பொறியமைப்பை உருவாக்கி 1937இல் காப்புரிமை பெற்றவர் கனடாவின் கியூபெக் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசப் அர்மாண்ட் பொம்பார்டியே. 1934ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பனியால் பாதை மூடிக் கிடந்ததால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல முடியாமல் தம் இரண்டு வயது மகனை இழந்தவர் அவர். இன்று நாம் பொழுதுபோக்குக்காக ஓட்டும் சிறிய வண்டியின் முன்னோடியான ஸ்கி-டூ அவருடைய நிறுவனத்திலிருந்து 1959இல் வந்தது.

ஓட்டுவது கடினமல்ல. வலது கைப்பிடியில் கட்டைவிரலால் அழுத்தும் நெம்புகோல் வேகத்துக்கு. இடது கையில் பிரேக். கியர் மாற்றும் வேலை இல்லை. ஒரு சுருள்கயிற்றின் ஒரு முனையை வண்டியிலும் மறுமுனையை உங்கள் உடையிலும் மாட்டிவிடுவார்கள். நீங்கள் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு என்ஜின் நின்றுவிடும். முதல் அரை மணி நேரத்தில் எல்லோரும் உணர்வது கட்டைவிரல் வலியைத்தான். ஸ்கூட்டர் ஓட்டிப் பழகியவர்கள் செய்யும் தவறு வேறு. வண்டி சரிவில் ஒரு பக்கம் சாயும்போது, நம்மை அறியாமல் அந்தப் பக்கக் காலை ஊன்றப் பார்ப்போம். ஸ்கூட்டரில் அது காப்பாற்றும். இங்கே முந்நூறு கிலோ வண்டி அந்தக் காலின்மேல் படுக்கும். என் பின்னால் வந்த ஒருவர் அப்படித்தான் சாய்ந்தார்; பனி ஆழமாக இருந்ததால் கால் அதற்குள் புதைந்து தப்பியது. செய்ய வேண்டியது நேர்மாறானது: கால்களை வண்டிக்குள்ளேயே வைத்துக்கொண்டு, உடல் முழுவதையும் மேட்டுப்பக்கம் சாய்த்து அமர வேண்டும். பின்னால் அமர்ந்திருப்பவரும் கூடவே சாய வேண்டும். உங்கள் மகள் ஓட்ட முடியாது, பின்னிருக்கையில் அமரலாம். ஓட்டுபவருக்குச் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் வேண்டும். மூன்று பேர் என்பதால் ஒருவருக்குத் தனி வண்டி வேண்டியிருக்கும், அதற்குக் கூடுதல் கட்டணம் இருக்கும். வண்டி சேதமானால் குறிப்பிட்ட தொகை வரை ஓட்டியவரே பொறுப்பு என்ற நிபந்தனை பெரும்பாலான படிவங்களில் இருக்கும், கையெழுத்திடுமுன் அந்தத் தொகையைப் பாருங்கள்.

மேலே நீங்கள் காணப்போவது என்ன? உண்மையைச் சொன்னால், வெளிப்பார்வைக்கு ஒன்றுமில்லை, அந்த ஒன்றுமின்மைதான் காட்சி. வானம் தெளிந்திருந்தால் தெற்கே கடலும் கருமணல் கரையும், மேற்கே 2010 ஏப்ரலில் ஐரோப்பாவின் விமானப் போக்குவரத்தையே நிறுத்திய எயாஃபியட்லயோக்குலின் வெண்முடியும் தெரியும். உங்கள் வண்டிக்கு அடியில், பல நூறு மீட்டர் பனிக்கட்டிக்குக் கீழே, கட்லா எரிமலையின் பெருவாய் இருக்கிறது. அது கடைசியாகப் பெரிய அளவில் வெடித்தது 1918இல். அதில் எதையும் உங்களால் பார்க்க முடியாது. வழுவழுப்பான ஒரு வெண்மேட்டின்மேல் போய்க்கொண்டிருப்பீர்கள்.

அந்த வெண்மை எவ்வளவு வேகமாகச் சேர்கிறது என்பதற்கு ஐஸ்லாந்தியர்கள் சொல்லி மகிழும் உண்மைக்கதை ஒன்று உண்டு. 1950 செப்டம்பரில் கேசிர் என்ற சரக்கு விமானம் வட்னயோக்குலின் வடமேற்கிலுள்ள பார்தார்புங்காவின்மேல் விழுந்தது. அதில் இருந்த ஆறு பேரும் பிழைத்தார்கள். அவர்களை மீட்கச் சறுக்குக்கட்டைகளுடன் வந்திறங்கிய அமெரிக்க டகோட்டா விமானம் மறுபடி மேலெழ முடியாமல் அங்கேயே சிக்கிக்கொண்டது. வடக்கிலிருந்து பனிச்சறுக்கில் வந்தவர்கள் எல்லோரையும் கீழே கொண்டுவந்து சேர்த்தார்கள். அடுத்த வசந்தத்தில் லோஃப்ட்லெய்தர் விமான நிறுவனத்தார் மேலே போனபோது அந்த டகோட்டா பல மீட்டர் பனிக்கடியில் முற்றிலும் புதைந்திருந்தது. தோண்டியெடுத்தார்கள், என்ஜினைக் கிளப்பினார்கள், பறந்துவந்தார்கள். ஒரே குளிர்கால வரவில் ஒரு விமானம் காணாமல் போகும் இடம் அது.

இதே வரவுதான் அங்குள்ள ஆபத்தும். பனிக்கட்டி வளைவிலும் மேட்டிலும் நகரும்போது அதன் மேற்பகுதி இழுபட்டு வெடிக்கிறது. இந்தப் பனிப்பிளவுகள் வழக்கமாக முப்பது நாற்பது மீட்டர் ஆழம் வரை போகும். அதற்குக் கீழே பனிக்கட்டி அழுத்தத்தில் இளகிப் பிளவை மூடிக்கொள்ளும். குளிர்காலப் பனி அந்தப் பிளவுகளின் வாயின்மேல் பாலம் போட்டு மூடிவிடுகிறது. மேலிருந்து பார்த்தால் தளம் சமமாகத் தெரியும். இந்தப் பனிப்பாலத்தின்மேல் ஸ்னோமொபைல் பல சமயம் தாண்டிப் போய்விடும்; அதிலிருந்து இறங்கும் மனிதர்தான் விழுவார். காரணத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எழுபது கிலோ எடையுள்ளவர் ஓரடி எடுத்து வைக்கும்போது அவர் எடை முழுவதும் சுமார் 200 சதுர சென்டிமீட்டர் பாதத்தின்மேல் விழுகிறது. அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 350 கிராம். வண்டியும் இருவரும் சேர்ந்து 450 கிலோ என்றாலும், பட்டையும் சறுக்குகளும் சேர்ந்து பதியும் பரப்பு 6,000 சதுர சென்டிமீட்டர் என்று வைத்தால் சதுர சென்டிமீட்டருக்கு 75 கிராம்தான். காலின் அழுத்தம் வண்டியைப்போல் நாலரை மடங்குக்கும் மேல். ஆகவே படம் எடுக்க நிறுத்தும் இடத்தில், வழிகாட்டி சொல்லாமல் வண்டியைவிட்டு இறங்கிப் பத்தடி தள்ளிப் போய் நிற்பது, ஓடும் வண்டியில் எழுந்து நிற்பதைவிட மோசமான காரியம். முன்னால் போகும் வண்டியின் தடத்தைவிட்டு விலகக்கூடாது என்று அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதனால்தான். வரிசை பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக அல்ல. பிளவு இல்லை என்று முன்பே உறுதிசெய்யப்பட்ட கோடு அது ஒன்றுதான் என்பதற்காக.

பிளவைவிட அடிக்கடி ஆளை மாட்டிவிடுவது வானிலை. மேகம் இறங்கி, பனி தூவி, காற்றும் அடித்தால் தரையும் வானமும் ஒரே வெண்மையாகிவிடும். முன்வண்டியின் பின்விளக்கு மறையும். ஏற்றமா இறக்கமா என்பது உடலுக்கே தெரியாமல் போகும். 2020 ஜனவரியில் லாங்யோக்குல் அருகே ஸ்னோமொபைல் பயணம் போன 39 சுற்றுலாப் பயணிகள், புயல் எச்சரிக்கை முன்கூட்டியே வெளியாகியிருந்தும் அழைத்துச் செல்லப்பட்டு, இரவில் பல மணி நேரம் மீட்புக்குழுவுக்காகக் காத்திருக்க நேர்ந்தது. அவர்களில் பிள்ளைகளும் இருந்தார்கள். ஐஸ்லாந்தின் மீட்புப்பணி பெரும்பாலும் தன்னார்வலர்களால் நடப்பது. வேலை முடிந்து வீட்டில் உட்கார்ந்திருந்த தச்சரும் ஆசிரியரும்தான் அந்த இரவு கிளம்பி வந்தவர்கள். ஐஸ்லாந்து வானிலைத் துறை எச்சரிக்கைகளை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் பிரித்து வெளியிடுகிறது. நீங்கள் போகும் பகுதிக்கு மஞ்சள் எச்சரிக்கை இருந்தாலே, பயணத்தை நடத்துபவரிடம் நேரடியாகக் கேளுங்கள். அவர் ரத்து செய்கிறேன் என்றால் நன்றி சொல்லுங்கள். பணம் கட்டிவிட்டோமே என்று வற்புறுத்தும் பயணிகளை நான் பார்த்திருக்கிறேன். அப்படி வற்புறுத்தி ஒருவரை மேலே அழைத்துப்போக வைப்பது, மருத்துவர் வேண்டாம் என்றதை மருந்துக்கடையில் கேட்டு வாங்குவதைப் போன்றது.

இனி நடை. சோல்ஹெய்மாயோக்குலுக்குப் பெருஞ்சாலையிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே போனால் வண்டி நிறுத்துமிடம் வரும். அங்கேயே மூக்கில் ஏறும் அழுகிய முட்டை வாடை கட்லாவுடையது. எரிமலை வெப்பத்தில் பனிக்கடியில் உருகிய நீர் கந்தகத்தைச் சுமந்து வெளியே வருகிறது. பனியாற்றிலிருந்து புறப்படும் இந்த ஆற்றை உள்ளூரார் 'ஃபூலிலைக்குர்', நாற்ற ஓடை, என்றே அழைத்துவந்தார்கள். 1999 ஜூலையில் இதே பனியாற்றுக்கு அடியிலிருந்து திடீர் வெள்ளம் ஒன்று புறப்பட்டு வந்தது. அலைபேசிக்கு அவசரச் செய்தி வந்தால் பனியாற்றைவிட்டு விலகி மேட்டுக்குப் போக வேண்டும் என்று வழிகாட்டிகள் சொல்வதைச் சடங்காக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நிறுத்துமிடத்திலிருந்து பனிக்கட்டியின் ஓரத்தை அடையக் கால் மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும். சென்ற தலைமுறையில் இந்த நடை இவ்வளவு நீளமில்லை. ஐஸ்லாந்தில் பனியாற்று முனைகளை ஆண்டுதோறும் அளக்கும் வழக்கத்தை 1930இல் தொடங்கிவைத்தவர் வானிலை அறிஞர் யோன் ஏதோர்சன். அளந்தவர்கள் பெரும்பாலும் அருகிலிருந்த பண்ணைக்காரர்கள். அந்தக் கணக்கின்படி சோல்ஹெய்மாயோக்குல் முதலில் பின்வாங்கியது. பிறகு 1960களின் இறுதியிலிருந்து 1990களின் நடுவரை குளிர்ந்த ஆண்டுகளில் அரை கிலோமீட்டர் அளவுக்கு முன்னேறியது. அதன்பின் நிற்காமல் பின்வாங்கிக்கொண்டிருக்கிறது. 2010 முதல் அருகிலுள்ள ஊரின் பள்ளி மாணவர்களும் ஆண்டுக்கொரு முறை வந்து அளக்கிறார்கள். முனை இருந்த இடத்தில் இப்போது பனிக்கட்டிகள் மிதக்கும் ஏரி. மாணவர்கள் நாடாவை விரித்து அளக்கத் தொடங்கியபோது இல்லாத ஏரியைத் தாண்ட இப்போது படகு வேண்டியிருக்கிறது. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 2019 வரை பனியாறுகளின் பரப்பு ஏறத்தாழ 2,200 சதுர கிலோமீட்டர் குறைந்து 10,400 சதுர கிலோமீட்டருக்கு வந்துவிட்டது.

ஓரத்தில் உட்கார்ந்து கிராம்பான் மாட்டுவீர்கள். காலணியின் அடியில் பத்துப் பன்னிரண்டு எஃகுப் பற்களைக் கட்டும் சட்டம் அது. கணுக்காலைத் தாங்கும் உயரமும் வளையாத அடித்தளமும் உள்ள மலைக்காலணி இல்லையென்றால் கிராம்பான் நிற்காது. விளையாட்டுக் காலணியோடு வந்தால் வாடகைக்கு எடுக்க வேண்டும். மாட்டியபின் நடையை மறுபடி கற்க வேண்டும். குதிகாலை முதலில் ஊன்றும் நம் வழக்கமான நடை இங்கே உதவாது. எல்லாப் பற்களும் ஒரே நேரத்தில் பதியும்படி பாதத்தைத் தட்டையாக, சற்று ஓங்கி வைக்க வேண்டும். நெல் மிதிப்பவரைப் போல என்று சொல்லலாம். இரு கால்களுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் ஒரு காலின் பல் மறுகாலின் கால்சட்டையில் சிக்கி இழுத்துவிடும். அங்கே நடக்கும் விழுதல்களில் பல இப்படித்தான் நடக்கின்றன. இறக்கத்தில் பின்னால் சாயாமல், முழங்காலை மடித்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்படி குனிய வேண்டும். உடல் மறுக்கும். இரண்டு முறை நம்பி இறங்கிவிட்டால் பிறகு பயமில்லை. கையுறையைக் கழற்றாதீர்கள், பனிக்கட்டியின் மேற்பரப்பு கண்ணாடித்தூள் போல் கூர்மையானது, விழும்போது ஊன்றும் உள்ளங்கையைச் சீவிவிடும்.

பலரும் கேட்பது: இவ்வளவு பிளவுகள் தெரியும் இடத்தில் கயிறில்லாமல் நடக்க விடுகிறார்களே, இது பாதுகாப்பா? கண்ணுக்குத் தெரியும் பிளவு ஏறத்தாழ பாதிப் பாதுகாப்பு. வெண்பனி உருகிப்போன வெறும் பனிக்கட்டியில் ஒவ்வொரு பிளவும் நீலமாகத் திறந்து நிற்கும். சுற்றிப் போகலாம், தாண்டலாம். வெண்பனி மூடிய பகுதியில்தான் கயிறு வேண்டும், அங்கே எதுவும் தெரியாது என்பதால். பார்வைக்கு அச்சமூட்டும் கீழ்ப்பகுதி நடக்கத் தக்கதாகவும், படுக்கைவிரிப்பைப் போல அமைதியாகத் தெரியும் மேல்பகுதி நடக்கத் தகாததாகவும் இருப்பதை முதலில் ஏற்றுக்கொள்வது யாருக்கும் எளிதல்ல. மார்ச் மாதத்தில் கீழ்ப்பகுதியின்மேலும் புதுப்பனி விழுந்திருக்கலாம். அப்போது வழிகாட்டி நீண்ட கோலால் குத்திப் பார்த்துக்கொண்டே போவார், வரிசை இறுகும், போகும் தூரம் குறையும். குறைந்தால் குறை சொல்லாதீர்கள். ஒரு வழிகாட்டிக்குப் பன்னிரண்டு பதினைந்து பேருக்கு மேல் சேர்க்கிறார்கள் என்றால் மட்டும் வேறு ஒருவரைத் தேடுங்கள்.

நடையின் பேறு அருகில் குனிந்து பார்ப்பதில் இருக்கிறது. சோல்ஹெய்மாயோக்குலின்மேல் ஆங்காங்கே கரிக்குவியல்கள் போலக் கூம்புகள் நிற்கும்; சில இடுப்புயரம், சில ஆளுயரம். லாரியில் கொண்டுவந்து கொட்டிய நிலக்கரி என்றே தோன்றும். நான் போனபோது வழிகாட்டி தம் பனிக்கோடாரியின் முனையால் ஒன்றைச் சுரண்டினார். விரல்கனம்தான் சாம்பல், அதற்கடியில் முழுக்கப் பனிக்கட்டி, பச்சை கலந்த கருமையில் மின்னியது. பழைய எரிமலைச் சாம்பல் பனிக்கட்டிக்குள் அடுக்காகப் புதைந்து, மேலிருந்து உருக உருக வெளியே வந்து பள்ளங்களில் சேர்கிறது. சாம்பல் மெல்லியதாகப் படிந்த இடத்தில் அதன் கருமை வெயிலை வாங்கிப் பனியை வேகமாக உருக்கும். கனமாகப் படிந்த இடத்திலோ போர்வையாகி வெயிலை அடியில் போகவிடாது. சுற்றியுள்ளதெல்லாம் உருகித் தாழ, போர்வைக்கடியில் இருந்த பனி மட்டும் தாழாமல் நின்று கூம்பாகிறது. வெப்பமே தராத கம்பளி நம்மைச் சூடாக வைப்பதும் இதே கணக்குத்தான், திசைதான் வேறு.

ஓரிடத்தில் வழிகாட்டி எங்களை ஒவ்வொருவராக அழைத்து, தம் கையால் பின்னிடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு, குழி ஒன்றை எட்டிப் பார்க்கச் சொன்னார். மேற்பரப்பில் உருகி ஓடும் ஓடைகள் ஒன்றுசேர்ந்து பனிக்கட்டியைக் குடைந்து நேர்கீழாக இறங்கும் குழிகள் இவை. மூலான் என்று பிரெஞ்சுச் சொல்லாலேயே குறிப்பிடுகிறார்கள், மாவு அரைக்கும் ஆலை என்று பொருள். வாயருகே வெளிர்நீலம், ஆழம் போகப்போக மைநீலம், பிறகு கருமை. உள்ளே விழும் நீரின் ஒலி மட்டும், பக்கத்து வீட்டில் யாரோ அண்டாவை நிரப்புவதைப் போல, அடியிலிருந்து வந்துகொண்டிருந்தது. அது ஆகஸ்ட் மாதம். நீங்கள் போகும் மார்ச்சில் மேற்பரப்பு ஓடைகள் பெரும்பாலும் உறைந்திருக்கும், குழிகள் வற்றியோ பனியால் அடைபட்டோ இருக்கும். ஆனால் நீலம் இன்னும் அழுத்தமாகத் தெரியும். நீலத்துக்குக் காரணம் வானத்தின் பிரதிபலிப்பு அல்ல. அமுக்கத்தில் காற்றுக்குமிழ்கள் வெளியேறியோ சுருங்கியோ போன கெட்டியான பனிக்கட்டிக்குள் ஒளி நெடுந்தூரம் போகிறது. போகும் வழியில் சிவப்பைப் பனிக்கட்டி உறிஞ்சிக்கொள்ள, எஞ்சிய நீலம் நம் கண்ணுக்குத் திரும்புகிறது. குமிழ்கள் நிறைந்த பனிக்கட்டி வெள்ளையாக இருப்பதும் குமிழ் குறைந்தது நீலமாக இருப்பதும் இதனால்தான்.

பனி நகர்கிறது என்பதை ஸ்னோமொபைலில் இருந்து நான் ஒருபோதும் உணர்ந்ததில்லை, நடந்தபோதுதான் உணர்ந்தேன். இதை முதலில் தெளிவாகக் கண்டுசொன்னவர்களில் ஒருவர் ஸ்வெய்ன் பால்சன் என்ற ஐஸ்லாந்திய மருத்துவர். 1794 ஆகஸ்டில் அவர் வட்னயோக்குலின் தென்முனையிலுள்ள ஓரைவயோக்குலின்மேல் ஏறி, கீழே இறங்கும் பனிநாக்கைப் பார்த்தார். அதன்மேல் வில்போல வளைந்த பட்டைகள், நடுவில் முன்தள்ளியும் ஓரங்களில் பின்தங்கியும், வரிவரியாகத் தெரிந்தன. நடுவில் வேகமாகவும் ஓரத்தில் மெதுவாகவும் வழியும் தார் போன்ற குழம்புதான் இப்படி வளையும். ஆகவே பனிக்கட்டியும் குழம்பைப் போல ஒழுகுகிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். எழுதி கோபன்ஹேகனுக்கு அனுப்பினார். அது அச்சேறாமல் கிடந்தது. ஐரோப்பிய அறிஞர்கள் ஆல்ப்ஸ் மலையில் அளந்து இதே முடிவுக்கு வர மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. நகர்வை அளக்கும் கருவி எதுவும் இல்லாமல், கால்நடையாக ஏறித் திரும்பிப் பார்த்த ஒருவரின் கண் கண்டது அது.

பனிக்குகை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மார்ச்சில் போவதால் யாராவது அதையும் விற்க வருவார்கள். இயற்கைக் குகைகள் உருகுநீர் குடைந்தவை. உறைபனிக் காலத்தில், நவம்பர் முதல் மார்ச் வரை, ஓரளவு உறுதியாக இருக்கும். கோடையில் போகக்கூடாது. 2024 ஆகஸ்ட் 25 அன்று வட்னயோக்குலின் பிரெய்தாமெர்க்குர்யோக்குலில் பனிக்கட்டி இடிந்து சுற்றுலாப் பயணி ஒருவர் உயிரிழந்தார். நீங்கள் மார்ச் இறுதியில் போவதாக இருந்து, அதற்கு முன் சில நாட்கள் மழையும் வெதுவெதுப்புமாக இருந்திருந்தால், குகையை விட்டுவிடுங்கள். லாங்யோக்குலில் 2015இல் திறக்கப்பட்ட சுரங்கம் செயற்கையாகக் குடைந்தது; அதிலும் பனி அடுக்குகளைக் காணலாம், ஆனால் அது வேறு அனுபவம்.

உடை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உடலை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது செயற்கை இழை, அதன்மேல் கம்பளிச்சட்டை, அதன்மேல் காற்றும் நீரும் புகாத மேலாடை. பருத்தி எங்கேயும் வேண்டாம், ஜீன்ஸ் அறவே வேண்டாம்; நனைந்தால் காயாது, குளிரை உடம்போடு கட்டிவைக்கும். ஸ்னோமொபைலுக்கு முழுநீள மேலங்கி, தலைக்கவசம், கையுறை எல்லாம் அவர்களே தருவார்கள். அங்கே நீங்கள் அசையாமல் உட்கார்ந்திருக்கக் காற்று மட்டும் அசையும் என்பதால் நடையைவிடக் குளிர் அதிகம். நடையில் நேர்மாறு: பத்து நிமிடத்தில் வியர்க்கும், வியர்க்கும் முன்பே ஓர் உடையைக் கழற்றிப் பையில் வைக்க வேண்டும். கறுப்புக் கண்ணாடியும் வெயில் பூச்சும் இரண்டுக்கும் வேண்டும். வெயில் பனியில் பட்டுக் கீழிருந்தும் அடிப்பதால், மூக்குத்துளையின் அடியிலும் தாடையின் கீழும் பூச வேண்டும். நான் பூசாமல் போய், மறுநாள் மூக்கின் அடியில் தோல் உரிந்து நின்றேன்.

மூன்று பேருக்கும் முழங்காலில் கோளாறு இல்லையென்றால், முதல் நாள் சோல்ஹெய்மாயோக்குலில் மூன்று மணி நேர நடையையும், மறுநாள் மிர்தால்ஸ்யோக்குலில் ஒரு மணி நேர ஸ்னோமொபைலையும் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். கீழே பிளவுகளையும் குழிகளையும் கண்ணால் பார்த்துவிட்டு மேலே போகிறவர், அந்த வழுவழுப்பான வெண்மைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை அறிந்தே தடத்தைவிட்டு விலகாமல் ஓட்டுவார். ஒன்றுக்குத்தான் நேரமோ பணமோ இருக்கிறது என்றால் நடையைத் தேர்ந்தெடுங்கள். விலையும் குறைவு. மூன்றாவது நாள் ஒன்றை எதுவும் பதிவு செய்யாமல் காலியாக விடுங்கள். மார்ச்சில் தெற்குக் கரையில் இரண்டு நாட்களும் சொன்னபடி அமைவது அரிது, ரத்தான பயணத்தை அந்த நாளுக்குத் தள்ளித் தரும்படி கேட்டால் பெரும்பாலும் தருவார்கள்.